விற்காமல் போன இரண்டு கம்ப்யூட்டர்கள்

தாஹிரா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. இத்தனை வருடத்தில் அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சென்ற டிசம்பரில் ஆண்டு விழாவோடு ‘அன்றும் இன்றும்’ என்று ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி, யார் வீட்டில் பழைய கேமரா, ரேடியோ இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் விசாரித்துக்கொண்டிருந்தார் பிரின்சிபால் மெர்லின் மேடம். தாஹிராவால் சும்மா இருக்க முடியவில்லை.

“எங்க ராயபுரம் வீட்ல எண்பத்தாறுல வந்த கம்ப்யூட்டர் இருக்கு மேடம்.”

“எண்பத்தாறுலயா? ராயபுரத்துலயா?” மேடம் சிரித்துவிட்டார். பிறகு, “இருந்தா கொண்டு வாங்க டீச்சர், பசங்க பாக்கட்டும்” என்றார்.

அந்தச் சிரிப்பு தாஹிராவைக் குத்திக்கொண்டே இருந்தது. வெறும் பெட்டியாகக் கொண்டுபோய் வைக்கக் கூடாது, ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவளுடைய அத்தா ஜப்பாருக்கு பர்மா பஜாரில் ஒரு சின்னக் கடை. கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவந்து தள்ளும் டேப் ரிக்கார்டர், கைக்கடிகாரம், சென்ட் பாட்டில் எல்லாம் விற்பார். ஒரு தடவை ஒரு கப்பல்காரர் கொடுத்த சாமான்களில் கறுப்பாக, ஒரு நோட்டுப் புத்தகம் அளவில் ஒரு பெட்டி இருந்தது. மூலையில் வானவில் மாதிரி நான்கு கோடுகள். அழிரப்பர் போல மெத்தென்ற பொத்தான்கள். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். அதை வாங்க ஆள் வரவில்லை. கால்குலேட்டரா என்று கேட்பார்கள், இல்லை என்றதும் போய்விடுவார்கள். அடுத்த வருடம் இன்னொருவர் ஒரு கமடோர் 64 கொண்டுவந்து கொடுத்தார். தடித்த பழுப்பு நிறப் பெட்டி, டைப்ரைட்டர் மாதிரி நிஜமான பொத்தான்கள். அதுவும் விற்கவில்லை. கடையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த இரண்டையும், படம் வந்தும் சத்தம் சரியாக வராத ஒரு வெளிநாட்டு டிவியையும் ஜப்பார் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தாஹிராவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தம்பி சுஃபியானுக்குப் பத்து. ஸ்பெக்ட்ரம் அக்காவுக்கு, கமடோர் தம்பிக்கு என்று தானாகவே பிரிந்தது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.

ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொரு பொத்தானிலும் ஐந்தாறு சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு எழுதியிருக்கும். ‘பி’யைத் தட்டினால் ‘பிரின்ட்’ என்று முழுச் சொல்லும் திரையில் விழும். ஒரே ஒரு வரி தட்டினால் போதும், வட்டம் வரையும். கமடோரில் வட்டம் வரைய வேண்டுமென்றால் எண் எண்ணாக ஒரு பக்கம் தட்ட வேண்டும். ஆனால் பாட்டு என்று வந்தால் கமடோர்தான். ஸ்பெக்ட்ரம் கொசு மாதிரி கீச்சிடும், கமடோர் ஆர்மோனியம் போல இழுத்து வாசிக்கும். அதன் நீலத் திரையும் பார்க்க அழகு. இதையெல்லாம் சுஃபியான் சொல்லிக் காட்டும்போது தாஹிராவிடம் ஒரு பதில்தான் இருந்தது. ஸ்பெக்ட்ரத்துக்கு எந்த டேப் ரிக்கார்டரும் போதும், எழுதியதைக் கேசட்டில் பதிந்து வைக்கலாம். கமடோருக்கு அதற்கென்றே உள்ள டேப் பெட்டி வேண்டும். அது கப்பல்காரரிடமே தங்கிவிட்டது. சுஃபியான் நாள் முழுக்கத் தட்டியதெல்லாம் ஸ்விட்சை அணைத்ததும் போய்விடும். கரண்ட் போனாலும் அதே கதிதான். அழுவான். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தட்டுவான்.

பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தாஹிரா அந்தப் பெட்டியில் பிறை பார்க்கும் கணக்கு, பெருக்கல் விளையாட்டு, எண்ணூருக்குப் போகும் ரயில் ஊர்வது போல ஒரு படம் எல்லாம் எழுதியிருந்தாள். ஜப்பார் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எம்பொண்ணு கம்ப்யூட்டர் ஆளு” என்று சொல்லிக்கொள்வார். அப்படித்தான் பீச் ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் அவளுக்கு இன்டர்வியூ கிடைத்தது. தொண்ணூற்று இரண்டாம் வருடம்.

அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஒரு பிளாப்பியைக் கையில் கொடுத்து, “இதுல ஒரு லெட்டர் இருக்கு, திறந்து திருத்திக் குடும்மா” என்றார் மேனேஜர். தாஹிரா அதுவரை பிளாப்பியைத் தொட்டதில்லை. திரையில் கறுப்பில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்ததைத் தட்டினாள். ‘பேட் கமாண்ட்’ என்று வந்தது. வேறு மாதிரி தட்டினாள். மறுபடியும் ‘பேட் கமாண்ட்’. பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் நல்ல மனிதர்தான். “வூட்டுல என்ன கம்ப்யூட்டர்மா?” என்று கேட்டார். அவள் அதன் பெயரைச் சொன்னாள். அவர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் கத்தினாள். “ஊரே ஒண்ணு வெச்சிகினு கீது, நீ வேற எதையோ கொணாந்து குடுத்துட்ட! இத்தினி வருசம் நான் கத்துகினது எவனுக்குமே தேவப்படல அத்தா!”

ஜப்பாருக்கு எதுவும் புரியவில்லை. “அதுவும் கம்ப்யூட்டர்தானம்மா?” என்றார்.

அன்றைக்கே ஸ்பெக்ட்ரம் பரணுக்குப் போயிற்று. பிறகு ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் எல்லாரும் படித்ததையே அவளும் படித்தாள். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ரஹீமைக் கல்யாணம் செய்துகொண்டாள். பள்ளியில் சேர்ந்தாள். பெயின்டில் வீடு வரையவும் மவுஸைப் பிடிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

முப்பது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்த பெட்டியை இப்போது இறக்கித் துடைத்து, பிளக்கைச் செருகினாள். அந்த வெளிநாட்டு டிவி எப்போதோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. புது டிவியில் எத்தனை முறை தேடியும் ஒன்றும் பிடிக்கவில்லை. சேனல் இல்லை, சேனல் இல்லை என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. ரஹீம் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் காலத்துப் பொருளுக்கு அந்தக் காலத்து டிவி வேணும் தாஹிரா. இதப் போட்டு நோண்டி இதையும் கெடுத்துடாத.”

“யோசன சொல்றவரு எந்திரிச்சி வந்து ஒரு கை புடிக்கலாம்ல?”

அவர் எழுந்து வந்தார், ஒயரைப் பிடித்தார், அப்போதும் ஒன்றும் வரவில்லை.

தண்டையார்பேட்டையில் கிருஷ்ணப்பன் என்று ஒரு டிவி மெக்கானிக். குடோன் மாதிரி ஒரு கடை. பழைய பெட்டி டிவி ஒன்று அவரிடம் இருந்தது. அதில் இணைத்துத் திருகித் திருகிப் பார்த்ததில் வெள்ளைத் திரையும் அடியில் ஒரு வரி ஆங்கிலமும் தெளிந்து வந்தன. தாஹிரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ‘பி’யைத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. பக்கத்துப் பொத்தானையும் தட்டினாள். அதுவும் இல்லை. வலது பக்கத்தில் ஒரு வரிசையே செத்திருந்தது.

கிருஷ்ணப்பன் பிரித்துப் பார்த்தார். ரப்பர் பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அப்பளம் மாதிரி தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தது.

“இத்த ஒட்ட முடியாது டீச்சர். புதுசுதான் போடணும். இந்த ஊர்ல எங்க கெடைக்கும்?”

இங்கிலாந்தில் ஒருவர் அந்தத் தாளை இன்னும் செய்து விற்கிறார் என்று இன்டர்நெட்டில் கண்டுபிடித்தாள். ஆர்டர் போட்டாள். பார்சல் சென்னை வரை வந்து கஸ்டம்ஸில் நின்றது. இது என்ன பொருள், எதற்கு உபயோகம் என்று விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். இன்னும் தெளிவாக வேண்டும் என்றார்கள். படம் போட்டுக் கொடுத்தாள். அத்தாவின் காலத்தில் முழுக் கம்ப்யூட்டரே ஒரு கேள்வியும் இல்லாமல் கப்பலிலிருந்து கடைக்கு நடந்து வந்தது. இப்போது ஒரு பிளாஸ்டிக் தாளுக்காக அவள் லீவு போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்காட்சிக்கு முந்திய வாரம்தான் அது கைக்கு வந்தது.

தாளை மாற்றும் அன்று சுஃபியானும் கடைக்கு வந்தான். அவன் மணலியில் டேங்கர் லாரிகளுக்கு டிரிப் போடும் ஆபீசில் இருக்கிறான், வீடு எர்ணாவூரில். கையில் ஒரு கோணிப்பை. அதிலிருந்து கமடோரை எடுத்து மேஜைமேல் வைத்தான். தாஹிரா மூக்கைப் பொத்திக்கொண்டாள். இருபத்து மூன்றாம் வருட வெள்ளத்தில் அவன் வீட்டுக்குள் தண்ணீரோடு ஆலைக் கழிவு எண்ணெயும் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு இன்னும் அந்தக் கறுப்புக் கோடு இருக்கிறது. கமடோர் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

“சோப்பு போட்டுக் கழுவி, வெயில்ல காய வெச்சேன்க்கா. வாசன மட்டும் போவ மாட்டேங்குது. இத்தயும் உன்னோடது பக்கத்துல வெய்யி.”

கிருஷ்ணப்பன் திறந்தார். உள்ளே பச்சையும் கறுப்புமாகத் தகடு அரித்துப் போயிருந்தது. மூடிவிட்டார்.

“இதுல ஒண்ணும் இல்ல தம்பி.”

“இன்னா ஒண்ணும் இல்லன்ற? ஒரு தபா கரண்ட் குடுத்துப் பாரு!”

“குடுத்தா புகதான் வரும்.”

சுஃபியானுக்குக் கோபம் அக்கா மேல் திரும்பியது. “உன்னோடது ஓடிகினு கீது, அதான் உனுக்குப் பெருமை. உம்பொட்டில பாட்டு வந்துதா? கலர் ஒழுங்கா வந்துதா? ஒண்ணோட ஒண்ணு கலந்து அடிச்சிகினு இருக்கும். என்னோடதுதான்க்கா மிசினு!”

“ஒரு கேசட்டாவது போட முடிஞ்சிதாடா உன்னோடதுல?”

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் பத்து வயதில் கரண்ட் போனபோது ஆனது மாதிரி ஆயிற்று. கமடோரைக் கோணிப்பைக்குள் போட்டான், பிறகு வெளியே எடுத்துச் சட்டை முனையால் துடைத்தான். “ஓடாட்டி பரவால்ல. பக்கத்துல வெய்யி. ரெண்டும் ஒரே வூட்டுதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதுத் தாளைப் போட்டதும் எல்லாப் பொத்தானும் பேசியது. கண்காட்சி அன்று காலை ஷேர் ஆட்டோவில் இரண்டு கம்ப்யூட்டர்களும், கிருஷ்ணப்பன் இரவல் கொடுத்த பெட்டி டிவியும் பள்ளிக்கு வந்தன. ஓட்டுநர் பின்சீட்டு முழுக்க டிவி என்று வழிநெடுகப் புலம்பினார்.

தாஹிரா மேஜையில் எல்லாவற்றையும் இணைத்தாள். வட்டத்துக்குள் வட்டமாக வரையும் ஒரு சின்ன புரோகிராமைத் தட்டினாள். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்த நேரம் மெர்லின் மேடம் வந்தார்.

“டீச்சர், இத ஆன் பண்ண வேணாம். பழைய ஒயரு. சீஃப் கெஸ்ட் வர்ற நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆவாது மேடம். மெக்கானிக் பாத்துட்டாரு.”

“கரஸ்பாண்டன்ட் சார் சொல்லிட்டாரு. சும்மா வெச்சா போதும்.” மேடம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். வட்டங்கள் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன. தட்டியதெல்லாம் போயிற்று. “அப்புறம் அந்த ரெண்டாவது வேணாமே டீச்சர். ஒரே கெரசின் நாத்தம்.”

பியூன் வந்து கமடோரை மேஜைக்கு அடியில் தள்ளினான். ஸ்பெக்ட்ரத்தின் முன்னால் பெரிய எழுத்தில் ஒரு அட்டை வைக்கப்பட்டது. ‘பழங்காலக் கீபோர்டு.’

“இது கீபோர்டு இல்ல மேடம். இதுதான் கம்ப்யூட்டர். முழுக் கம்ப்யூட்டரும் இதுக்குள்ளதான் இருக்கு.”

“யாரு டீச்சர் அதெல்லாம் பாக்கப் போறாங்க? எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

தாஹிரா மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுற்றினாள். ஸ்பெக்ட்ரத்தைத் துப்பட்டாவில் பொதிந்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து கமடோரை இழுத்து எடுத்தாள்.

“என்ன பண்றீங்க?”

“வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் மேடம். ஓடற பொருள செத்ததுன்னு காட்ட எனக்கு மனசு வரல.”

“சீஃப் கெஸ்ட் வர்ற நேரம்! மேஜை காலியா இருந்தா என்ன நினைப்பாங்க?”

“லேப்ல ஒடஞ்ச மவுஸ் நிறைய கீது. வெச்சிக்கோங்க.”

கோபத்தில் அவளுக்கு வகுப்புத் தமிழ் மறந்து வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. டிவியைத் தூக்க முடியவில்லை. அதை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு கம்ப்யூட்டர்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை அவளிடம் விளக்கம் கேட்டார்கள். ‘என் பொருள், நான் எடுத்துச் சென்றேன்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். மெர்லின் மேடம் அதை வாசித்து உள்ளே வைத்துக்கொண்டார், மேலே எதுவும் செய்யவில்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து தாஹிராவுக்கு மூன்றாம் வகுப்போடு சரி, பெரிய வகுப்புகள் கிடையாது என்று டைம்டேபிள் வந்தது. பள்ளியை விட்டு நின்றுவிடலாமா என்று நினைத்தாள். ரஹீம், “நின்னு இன்னா பண்ணுவ?” என்று கேட்டார். மறுநாளும் பள்ளிக்குப் போனாள்.

டிவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கிருஷ்ணப்பன் வாங்கவில்லை. “இடத்த அடச்சிகினு கீது டீச்சர், நீங்களே வெச்சிக்கோங்க” என்றார். இப்போது அது தாஹிராவின் ஹாலில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் தலைமேல் கமடோர். ஊதுபத்தி ஏற்றி வைத்தும் எண்ணெய் வாசனை முழுவதும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுஃபியான் எர்ணாவூரிலிருந்து வந்துவிடுகிறான். அக்காவின் பெட்டி முன்னால் உட்கார்ந்து, கட்டளைகளெல்லாம் மறந்துபோய், தப்புத் தப்பாகத் தட்டுகிறான். பொத்தான் நசநசவென்று இருக்கிறது, கமடோரில் இந்தத் தொல்லையே கிடையாது என்று திட்டுகிறான். அவள் அவனை நகரச் சொல்கிறாள். அவன் நகர மாட்டேன் என்கிறான்.