ஆவணியில் வராத மாப்பிள்ளை

கொழும்பு விசா என்றால் இப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அந்த நாளில் சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அது தீராத வியாதி மாதிரி இருந்தது. எழுந்ததும் அதைப் பேசுவோம், சாப்பிடும்போது பேசுவோம், பேசிப் பேசிச் சலித்துப்போய்ப் படுப்போம். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்த்தார். நான் இங்கே இருந்தேன். கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஓடியிருந்தது. ஒரு காலத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினால் கப்பலேறிப் போய்விடலாம் என்பார்கள். எங்கள் காலத்தில், பெண்டாட்டி புருஷனிடம் போவதற்குக்கூடச் சென்னையில் இலங்கை ஆபீஸுக்குப் போய் ஓர் அதிகாரி முன்னால் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காகிதத்தில் ஒரு பிசகு இருந்தாலும் மனுவைத் தள்ளிவிடுவார்கள், அப்புறம் மறுபடி மனுப் போட்டுக் கிடையாய்க் கிடக்க வேண்டியதுதான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரரின் அக்காவான என் மதினி, மதினியின் வீட்டுக்காரர். அவரை நான் அண்ணாச்சி என்பேன். சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் மிஷின் ஓட்டினார். நானும் மதினியும் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினோம். பசை வாடையில்லாத சோற்றை நான் அந்த வீட்டில் தின்றதில்லை.

சென்னைக்கு வரச்சொல்லிக் கடிதாசி வந்த வாரத்தில், என் வீட்டுக்காரர் தன் பாஸ்போர்ட் பக்கங்களின் நகலை அனுப்பியிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பிரித்தேன். எட்டாவது வரை படித்தவள் என்பதால் வீட்டில் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான். அதில் அவர் தனுஷ்கோடியில் வந்து இறங்கிய தேதிகள் வரிசையாக இருந்தன. முதல் தேதி தை மாதத்துக்கு உரியது. நான் மனுவில் எழுதியிருந்த கல்யாணத் தேதி அதற்கு முந்தைய ஆவணி. எங்கள் காகிதத்தின்படி மாப்பிள்ளை தன் கல்யாணத்தன்று இந்தியாவிலேயே இல்லை.

காகிதம் பொய் சொல்லவில்லை. அவர் இல்லைதான்.

நடந்தது இது. என்னைப் பேசி முடித்த சமயம் என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தாள். வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவள் போய்விட்டால் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டில் விசேஷம் கூடாது. கொழும்பு முதலாளியோ கடையை விட்டு இப்போது வரக்கூடாது என்றுவிட்டார். எங்கள் வகையறாவில் இதற்கு ஒரு வழி உண்டு. மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவருடைய வேட்டியையும் துண்டையும் ஒரு கம்பில் சுற்றி மணையில் வைத்து, அவருடைய அக்காவோ தங்கையோ தாலி கட்டிவிடலாம். அப்படித்தான் என் கழுத்தில் மதினி தாலி கட்டினாள். மற்ற கல்யாணங்களில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, நாத்தனார் இரண்டு போடுவாள். என் கல்யாணத்தில் மூன்றும் மதினி போட்டது. கம்புக்கு மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். கம்பு முறுக்கிக்கொள்ளாமல் நல்லபடியாக உட்கார்ந்திருந்தது. அவர் தையில் வந்து சேர்ந்தபோது நான் அந்த வீட்டுக்குப் பழகிப்போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதோ போய்விடுவாள் என்று அவசர அவசரமாகக் கல்யாணத்தை நடத்த வைத்த மாமியார், மருமகள் கையால் கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்து, இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் இங்கேயே கிடந்தேன். அவர் லீவு கிடைத்தபோது வருவார், போவார். அவள் கண்ணை மூடி, வருஷம் திரும்பிய பிறகுதான் மனுவே போட்டோம்.

மனுவில் தேதி எழுதும்போது எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. கல்யாணம் ஆவணியில் நடந்தது, ஆவணி என்று எழுதினேன். அத்தாட்சிக்குக் கல்யாணப் பத்திரிகையையும் வைக்கச் சொல்லியிருந்தார்கள், அதிலும் ஆவணிதான். அவரும் கொழும்பில் கொடுத்த காகிதத்தில் அதே தேதியைத்தான் எழுதியிருந்தார். மாப்பிள்ளை வருவார் என்று பத்திரிகையில் எங்கேயும் அச்சடித்திருக்கவில்லை. தாலி கட்டும் இடத்தில் புருஷன் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிற ஆட்களும் உலகத்தில் இருப்பார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றாமலே கேட்டார்.

"இதுக்குப் போயி முகத்தத் தூக்கி வச்சிருக்கியா தங்கச்சி? நம்ம ஊருல இல்லாத மிஷினா? தை மாசத்துல ஒரு தேதியப் போட்டுப் புதுசா ஒரு பத்திரிகை அடிச்சுருவோம். மனுவுல கைதவறி எளுதிட்டேன்னு சொல்லிப்புடு."

சிவகாசியில் அதுதான் சங்கடம். வேறு ஊர்க்காரர்களுக்குத் தோன்றக்கூட முடியாத வழி எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அப்ப ஆவணியில மதினி கட்டுனது?" என்றேன்.

மதினி லேபிளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் கட்டலன்னே வச்சுக்க. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நீ போயிச் சேரணும், அம்புட்டுத்தேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "நீங்க கட்டலன்னா நான் இத்தன வருசமா இந்த வீட்டுல யாரு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனாலும் அச்சடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டே நாளில் புதுப் பத்திரிகை வந்தது. பழையதைவிட நன்றாக இருந்தது. பிள்ளையார் படம் வண்ணத்தில் இருந்தது.

சென்னைக்குப் புறப்படும் வரை நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. புதுப் பத்திரிகையைக் காட்டினால் மனுவில் உள்ளது தப்பு. மனு சரியென்றால் பாஸ்போர்ட் இடிக்கும். மனு தப்பென்றால் அவர் கொழும்பில் கொடுத்த காகிதமும் தப்பு, இரண்டு பேருமா கைதவறி எழுதினோம் என்று கேட்பார்கள். ஓட்டை மண்சட்டியில் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகுகிற கதைதான். லேபிளைத் தலைகீழாக ஒட்டினேன். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மதினி ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அம்மனுக்கு மட்டும் எந்தத் தேதியைச் சொன்னாளோ தெரியாது.

துணைக்கு மதினிதான் வந்தாள். விருதுநகரில் ரயிலேறினோம். கூட்டத்தில் மாறி மாறி உட்கார்ந்துகொண்டு போனோம். வழியெல்லாம் அவள் எனக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். "கல்யாணம் எப்ப?" "தையில." "தாலி கட்டுனது யாரு?" "அவுக." நான் சரியாகச் சொன்னால் தலையை ஆட்டுவாள். இன்னொரு வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

அந்த ஆபீஸில் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு குமாஸ்தா. எதை எதையோ கேட்டார்கள். வீட்டுக்காரர் எந்தக் கடை, எந்தத் தெரு, என்ன சம்பளம். கடைசியில் குமாஸ்தா பென்சிலால் ஒரு வரியைத் தட்டினார்.

"ஏம்மா, நீங்க எழுதியிருக்கிற தேதியில உங்க வீட்டுக்காரர் இந்தியாவுக்கே வரலையே. அப்புறம் எப்படிக் கல்யாணம்?"

பையில் மேலே புதுப் பத்திரிகை இருந்தது, அடியில் பழையது. சத்தியம் பெரிது என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. ரயிலில் தூங்கவில்லை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குக் காவல் இருக்க வேண்டும், அந்தத் தெம்பு எனக்கு இல்லை. அடியில் இருந்ததை எடுத்து வைத்தேன்.

"அவுக வரலங்க. அவுக அக்காதேன் தாலி கட்டுனாக. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காக."

குமாஸ்தா சிரித்துவிட்டார். பிறகு அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை, மதினியைக் கூப்பிடச் சொன்னார்.

மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். தையில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பாள். மேஜையில் கிடந்த பழைய பத்திரிகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தாலி கட்டினது யாரும்மா?"

"நாந்தேங்க. எந் தம்பிக்காக நான் கட்டுனேன். மூணு முடிச்சும் எம் முடிச்சு."

"அவர் வந்த பிறகு மறுபடி கட்டினாரா?"

"எதுக்குங்க? கட்டுனது கட்டுனதுதேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். குமாஸ்தா சொன்னார். "கல்யாணம் ஆனதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் யாரோட குடித்தனம் பண்றீங்கன்னு கேக்கறார்."

புருஷனோடு என்று சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கும் தெரியும். வாய் வரவில்லை. "இவுகளோட" என்று மதினியைக் காட்டினேன்.

அதிகாரி நெடுநேரம் எழுதினார். இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கிராம முன்சீப்பிடம் கையெழுத்து வாங்க வேண்டும், தாலி கட்டியவள் சத்தியம் செய்து ரேகை வைக்க வேண்டும், இரண்டும் வந்த பிறகு பார்க்கலாம் என்றார். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் ரயிலில் மதினி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பொட்டலம் கட்டியிருந்த தாள் புதுப் பத்திரிகையில் மிஞ்சியது. வண்ணப் பிள்ளையார் வயிற்றில் எண்ணெய் ஊறியிருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "தின்னு" என்றாள். தின்றோம்.

முன்சீப்பைப் பிடிக்க நாலு நடை நடந்தோம். மதினி ரேகை வைத்தாள். காகிதம் போனது. பிறகு மழைக்காலம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. நம்பிக்கை போய், அந்தப் பேச்சையே எடுக்காமல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் விசா வந்தது. மதினி அன்றைக்கே இருக்கன்குடிக்குப் போய் முடிப்புக் காசைப் போட்டுவிட்டு வந்தாள். எனக்குச் சந்தோஷம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புறப்படுகிற அன்று காலையில் மதினி என்னைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தாள். ஆடிக்கு ஆடி எனக்குத் தாலிக் கயிறு மாற்றுவது அவள்தான். அன்றைக்கு ஆடி இல்லை, ஆனாலும் புது மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டினாள். கட்டிவிட்டு முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"அடுத்த ஆடிக்கு அவனையே கட்டச் சொல்லு ஆத்தா. நான் கட்டுனது போதும்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணாச்சி வாசலிலிருந்து கூப்பிட்டார்.

கொழும்பில் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். அவர் நல்ல மனுஷர், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள் மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டோம். அவருக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றுவதா, கேட்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆடி வந்தது. மதினி சொன்னதைச் சொல்லிக் கயிற்றைக் கொடுத்தேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே பின்னால் வந்து நின்றார். மூன்று முடிச்சுப் போட்டார். நான் எழுந்ததும் அது அவிழ்ந்து மடியில் விழுந்தது. மறுபடி போட்டார். இந்தத் தடவையும் நிற்கவில்லை. பாவம், அவர் யாருக்கும் தாலி கட்டியதில்லை. எனக்கு மதினி வேண்டும் போல இருந்தது. அடக்கமாட்டாமல் அழுதேன்.

அவர் பயந்துபோய், "எப்படிக் கட்டுறதுன்னு அக்காவுக்கு எளுதிக் கேக்கட்டுமா?" என்றார்.

"எளுதுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் கயிற்றை நானே கட்டிக்கொண்டேன்.