மணப்பெண்களின் படங்கள் இருந்த போன்

கல்முனையில் மணப்பெண் அலங்கார நிலையம் நடத்துகிறேன். அலங்காரம் முடிந்ததும், முக்காடு இல்லாத மணப்பெண்ணை என்னிடம் வேலை செய்யும் றிஸ்வானா தன் சொந்தப் போனில்தான் படமெடுப்பாள். அவள் பிள்ளைகள் அதில் விளையாடுவதால் அதற்குப் பூட்டே கிடையாது.

ஒருநாள் அதை பஸ்ஸில் தவறவிட்டு அழுதுகொண்டு வந்தாள். உடனே அவள் நம்பருக்குக் கோல் எடுத்தேன். போனைக் கண்டெடுத்த கண்டக்டரின் மனைவி பேசினார். "ஒரு படத்தைக் கண்டதும் மூடி வெச்சிட்டன் ராத்தா. இவருக்கும் காட்டல்ல," என்றார். அல்ஹம்துலில்லாஹ், அன்றே போய் வாங்கி வந்தோம்.

றிஸ்வானாவை ஏச வாய் வரவில்லை. கடைக்கென்று ஒரு போன் வாங்காமல் இருந்தது நான்தானே.

இப்போது பூட்டுப் போட்ட கடைப் போன் இருக்கிறது. அது வாசலைத் தாண்டாது. படங்களை மணப்பெண்ணுக்கு அனுப்பியதும் போனை அவள் கையிலேயே கொடுத்து, "நீங்களே அழிச்சிடுங்க மகள்" என்கிறேன்.