நெவில் பாஸ்கோ போட்ட கோடு

நெவில் பாஸ்கோ கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். வெண்ணெய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் யார் வீட்டுப் புல்வெட்டும் இயந்திரம் மக்கர் பண்ணினாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். எதிர்வீட்டுக்காரி நான், என்னுடையதை எத்தனையோ முறை சரிசெய்து தந்திருக்கிறார்.

நியூ சௌத் வேல்ஸின் வடக்கே, ஆறு வளைகிற இடத்தில் எங்கள் ஊர். வீடுகள் மரத்தூண்கள் மேல் நிற்கும். ஊர் கண்டதிலேயே பெரிய வெள்ளம் ஐம்பத்து நாலில் வந்தது. அந்த மட்டத்தைத் தெருவில் எல்லார் வீட்டுச் சுவரிலும் நீலக் கோடாகப் போட்டுக் கொடுத்தவர் நெவில். மழை வலுத்தால் சாமான்களைக் கோட்டுக்கு மேலே ஏற்றுவோம், டீ போட்டுக் குடிப்போம், ஆறு இறங்கும்வரை காத்திருப்போம். வானிலை அலுவலகத்தை யார் கேட்டார்கள்? நெவ் என்ன சொன்னார் என்றுதான் கேட்போம்.

இந்தப் பெருமைதான் அவரை மாட்டிவிட்டது. பூமி சூடாகிறது, இனி வெள்ளம் பழைய கோட்டைத் தாண்டும், தாழ்வான தெருக்களை மேட்டுக்கு மாற்றவேண்டும் என்று நகரசபை ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்க்கத் தலைநகரிலிருந்து ஒரு சங்கம் வந்தது. பெயர் 'நாட்டுப்புறக் குடும்பங்கள் முன்னணி'. அதில் நாட்டுப்புறமும் இல்லை, குடும்பமும் இல்லை. பளபளக்கும் பூட்ஸ் போட்ட மூன்று பேர் இருந்தார்கள். இது யார் காசில் நடக்கிறது என்று கேட்டால், "கேக் எடுத்துக்கங்க" என்பார்கள்.

அவர்கள் நெவிலைத் தேடிப் பிடித்தார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துத் துண்டறிக்கையில் போட்டார்கள். என்ன பேசவேண்டும் என்று அவர்கள் சொல்லித் தந்தது, எல்லாம் தன் சொந்த யோசனை என்று அவருக்கே தோன்றும் விதத்தில் இருந்தது.

ஊர் மண்டபத்தில் கூட்டம். நகரசபைப் பொறியாளர் ஒரு சின்னப் பெண். வரைபடத்தை விரித்து அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நெவில் எழுந்தார்.

"பாப்பா, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இந்த ஆத்தோட குடித்தனம் பண்றவன் நான். வெள்ளம் எப்பவும் வரும், போகும். பருவம் எப்பவும் மாறிக்கிட்டேதான் இருக்கு. நம்ம நாடு விடுற புகை உலகத்துல எந்த மூலைக்கு? பயமுறுத்துறவங்களுக்கு அதுக்குன்னு சம்பளம் வருதும்மா."

மண்டபமே சிரித்தது. அந்தப் பெண் முகம் சிவந்து வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள். திட்டம் பரணுக்குப் போனது.

அடுத்த கோடையின் கடைசியில் மழை விடாமல் கொட்டியது. நெவிலின் பக்கத்து வீடு மார்லீன் ஹேக்கட்டுடையது. அவள் கணவர் லெஸ்ஸுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் படியிறக்க இரண்டு ஆள் வேண்டும். மார்லீன் சாயங்காலம் வேலியோரம் வந்து கேட்டாள்.

"நெவ், லெஸ்ஸை மேட்டு ஸ்கூலுக்குக் கொண்டுபோயிடவா? ரேடியோல போகச் சொல்றாங்க."

"அவங்களுக்கு வேற வேலை என்ன? கோடு வரைக்கும்கூட வராது. மனுஷனைப் போட்டு அலைக்கழிக்காத."

தண்ணீர் கோட்டைத் தாண்டியது. ஜன்னலைத் தாண்டிக் கூரையடியில் போய் நின்றது. விடிந்தபோது பக்கத்து ஊர்ப் பையன்கள் தகரப் படகில் வந்து தகரக்கூரையை அறுத்து மார்லீனையும் லெஸ்ஸையும் வெளியே இழுத்தார்கள். ராத்திரி முழுக்கக் கழுத்தளவு வெள்ளத்தில் கிடந்து விறைத்துப்போயிருந்த லெஸ், நெஞ்சில் சளி கட்டி, அந்த மாதமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

நெவில் அடக்கத்துக்கு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. தேவாலய வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாறிப்போன மெத்தைகளை நாங்கள் தெருவில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாளில் முன்னணிக்காரன் போன் செய்தான். கை சேறாக இருந்ததால் நெவில் ஸ்பீக்கரில் போட்டார்.

"நெவ், இப்பதான் உங்க குரல் எங்களுக்கு ரொம்ப அவசியம். ஒரு வெள்ளத்தை வெச்சு எதையும் சொல்லிட முடியாது, ஆத்தைத் தூர்வாராததுதான் காரணம்னு ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

"லெஸ்ஸைப் பத்தி என்ன சொல்லணும்?"

"லெஸ் யாரு?"

நெவில் போனை அணைத்தார். தெருவில் கிடந்த ஒரு மெத்தைமேல் உட்கார்ந்தார். "அவங்க என்னை ஏமாத்தலடி," என்றார் என்னிடம். "எனக்குப் பேச ஆசை, அவங்க மைக் குடுத்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அது பிடிச்சிருந்துச்சு. வெக்கமா இருக்கு." எனக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அதன்பின், ஊரே கூடிப் பேசும் ரொட்டிக்கடைக்குப் போவதை நிறுத்தினார். நாங்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, வீடு வீடாகப் போய் அந்தக் கோடுகளைச் சுரண்டி எடுத்தார்.

மறு வருஷம் மறுபடியும் மழை. வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்ததும் தெரு மளமளவென்று காரில் ஏறியது. நெவிலை ஒருவரும் கேட்கவில்லை, அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி போன வெள்ளத்தோடு போனது. மார்லீன் காரைக் கிளப்பியபோது மழையில் இறங்கி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மார்லீன்... எனக்கு இடம் இருக்குமா?"

அவள் கையை நீட்டி முன்கதவைத் திறந்துவிட்டாள்.

"லெஸ் சீட்டு காலியாத்தான் இருக்கு. ஏறு."

நெவில் அந்தக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.