செவுளில் வைத்த விரல்

ஹம்பர் ஆற்றில் சால்மன் மீன்கள் முட்டையிட ஏறிவரும் காலத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மீன் அளக்கப் பழக்குவது என் வேலை. வலையிலிருந்து எடு, ஈரக் கையால் வாலடியைப் பிடி, மற்றக் கையை வயிற்றுக்குக் கீழே கொடு, நீளம் பார், வயதறிய ஒரு செதில் எடு, விடு. அவ்வளவுதான். ஆனால் ஒருவர் கையில் மீன் செத்தால், அன்றிலிருந்து அவர் கரையில் நின்று அளவுகளை எழுதலாம்; மீனைத் தொட விடமாட்டேன். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவள்.

போன இலையுதிர் காலம் பக்கத்து நகரமான பிறம்ரனிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். மீனோடு வேலை செய்யவேண்டும் என்று கோடை முழுக்க என்னை அரித்தெடுத்தவள். அவளுக்குக் கிடைத்த முதல் மீனே நல்ல பருத்த சினை மீன். தூக்கிய கையோடு பெருவிரலால் செவுள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மீன் கடையில் எங்கள் பெண்கள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அச்சொட்டாக அதே மாதிரி!

"அடியேய், விரலை எடு! உதென்ன, கறிக்கோ வாங்கிறாய்? அதாலதான் அது மூச்சு விடுது!"

வேலையில் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவள் நான். மற்ற மாணவர்கள் திகைத்துப்போய் நின்றார்கள். அவள் பதறியதில் மீன் நழுவிக் கல்லில் அடிபட்டு, வயிற்றை மேலே காட்டி மிதந்தது.

"சொறி அன்ரி... அம்மாவோட கடைக்குப் போய்ப் போய், கை தன்பாட்டில அங்க போயிட்டுது. செத்திட்டுதோ?"

"தலையைத் தண்ணி வாற பக்கம் திருப்பிப் பிடி. வாய்க்குள்ள தண்ணி போகட்டும். விட்டிடாதை."

குளிர்ந்த ஆற்றில் குனிந்து பிடித்தபடி நின்றாள். உதடு நீலம் பாரித்தது. நான் மாறிப் பிடிக்கிறேன் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். "கமோன், பிளீஸ், கமோன்" என்று மீனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நானும் மனதுக்குள் கெஞ்சினேன். மீனுக்காகவா, அவளுக்காகவா, தெரியவில்லை.

செவுள் மெல்ல அசைந்தது. பிறகு வால் ஒரு வெட்டு வெட்டியது. அவள் முகமெல்லாம் தண்ணீர். மீன் நீந்திப் போய்விட்டது. அப்பாடா!

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் மட்டும் அழுகிற முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"அளக்கவே இல்லை, அன்ரி. இனி நான் கரையிலயோ?"

"என்னத்துக்கு? மீன் சாகேல்லையே. கையைக் கொஞ்சம் சூடாக்கிப்போட்டு வா, அடுத்ததையும் நீதான் பிடிக்கிறாய்."