வசதியான வேறொரு நேரம்

போடியில் தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேஜையும் நாற்காலியும் போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, தோட்டத்துக்குள் யானை புகுந்து மிதித்த வாழைக்கு நிவாரணம் என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் ஒரே உட்காரலில் எழுதி முடித்துவிடுவேன். எழுதுவதில் எனக்கென்று சில சட்டங்கள் உண்டு. மனுவில் கோபம் தெரியக் கூடாது. மேலதிகாரி பெயரைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. முக்கியமாக, இன்ன தேதிக்குள், இன்ன மணிக்குள் செய் என்று அதிகாரிக்கு உத்தரவு போடக் கூடாது. ‘தக்க நடவடிக்கை எடுத்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துவிட வேண்டும். எப்படி, எப்போது என்பதெல்லாம் அவர்கள் பாடு. யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே கண்டுபிடித்தது. இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுகிற அந்தச் சட்டம்தான் எதிர்வீட்டுப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

நான் குடியிருப்பது போடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போகிற ஒரு பேரூராட்சி. பேர் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆள் தெரிந்துவிடும், நாளைக்கும் நான் அந்தத் தெருவில்தான் நடமாட வேண்டும். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கவுன்சிலர், எனக்குத் தங்கச்சி வயசில் ஒரு பெண். ஆனால் வார்டில் கவுன்சிலர் என்று சொன்னால் எல்லோரும் அவர் வீட்டுக்காரரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். கையெழுத்து அந்தம்மா, மற்றதெல்லாம் ஐயா.

அந்த ஐயா ஒரு நாள் போடிக்கே வந்து என் மேஜை முன்னால் பைக்கை நிறுத்தினார்.

“அண்ணே, வார்டுக் குழுன்னு ஒண்ணு போடணுமாம். உங்க பேரப் போட்டுட்டேன்.”

“என்னையக் கேக்காமலா?”

“கேட்டா வேணாம்பீக. அதான் போட்டுட்டுச் சொல்றேன்.”

வார்டுக் குழு என்றால் கவுன்சிலரோடு சேர்ந்து தெருவுக்கு என்ன தேவை என்று பார்த்து மன்றத்துக்குப் பரிந்துரை சொல்கிற குழு. மக்களிடமிருந்து ஆள் எடுத்து நியமிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வார்டில் மக்களை அவர் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே எடுத்துவிட்டார். மேலத்தெருவுக்கு ஒருவர், கீழத்தெருவுக்கு ஒருவர், தேர்தலில் செலவு செய்தவர் ஒருவர், தேர்தலில் எதிர்த்து நின்று இப்போது சமாதானமான ஒருவர். அஞ்சாவதாக எழுதப் படிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அது நான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவனிடம் ஊர் வந்து மனு கொடுக்கப் போகிறது என்று ஓர் அற்ப ஆசை.

நியமனத்தை மன்றக் கூட்டத்தில் வைக்கிற அன்று ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேலே மின்விசிறி, கீழே கவுன்சிலர்கள், நடுவில் தலைவர், பக்கத்தில் செயல் அலுவலர். எழுத்தர் எழுந்து பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று எண்ணை மட்டும் வாசித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் “ஆல் பாஸ்” என்று குரல் வந்தது. எதிரணிக்காரர்கள் வருகைப் பதிவேட்டில் முறையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன்பிறகு மன்றத்தைக் கண்டித்து வெளிநடப்புச் செய்து, வாசலில் வடை சாப்பிட்டார்கள். ஒருவர் தெருநாயைப் பற்றி ஏதோ கேட்டார், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார் தலைவர். இந்தச் சந்தடியில் நான் எந்த எண்ணில் நியமனம் ஆனேன் என்றே தெரியவில்லை. முடிந்ததும் எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

துண்டோடு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே எதிர்வீட்டுப் பெண் வந்தது. புருஷன் இறந்து ஆறேழு வருஷமாகிறது. வீட்டில் தாயும் மகளும் மட்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி மலையாள எல்லைக்குள் இருக்கிற ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும். இறங்கி வரும்போது ஆறு மணி தாண்டிவிடும். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

“அண்ணே, மெம்பராயிட்டீகளாமே. ஒரு சோலி இருக்கு உங்கட்ட.”

“சொல்லுத்தா.”

“இந்தத் தண்ணி வர்ற நேரத்த மாத்தச் சொல்லணும்ணே.”

எங்கள் தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வரும். வந்தால் ஒரு மணி நேரம். தாய் அப்போது மலையில் இருக்கும். மகள்தான் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் முதல் பீரியடு முடிந்திருக்கும்.

“டீச்சரு வெளிய நிக்க வைக்கிறாகளாம். கணக்குப் பாடமாம் அந்த நேரம். நான் நின்னு பிடிக்கலாம்னா, ஜீப்புல எடம் போயிருமுண்ணே. நாலு நாளைக்கு ஒருக்கா நின்னா எவன் எடம் வச்சிருப்பான்? பணி வேணும்னு பத்துப் பேரு காத்துக் கெடக்காக.”

ஜீப்பில் இடம் என்பது சும்மா இல்லை. யார் ஏறுவது என்று தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி முடிவு செய்வார். நிரந்தரமாக வருகிற ஆளுக்குத்தான் இடம். ஒருமுறை போனால் அடுத்த சீசன் வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. அந்தப் பெண்ணுக்கு அது ஒன்றுதான் சொத்து.

“இதெல்லாம் ஒரு வேலையாத்தா? எழுதி வைக்கிறேன், மாத்திக் காட்டுறேன் பாரு” என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வார்டுக் குழுக் கூட்டம் சத்துணவுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வந்திருந்தவர்கள் சாக்கடை பற்றியும் திருவிழா விளக்கு பற்றியும் பேசினார்கள். நான் தண்ணீர் விஷயத்தை எடுத்தேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஐயா, “எழுதுங்கண்ணே, உங்களுக்கா தெரியாது” என்றார். நானும் பேனாவைத் திறந்து, இத்தெருவில் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் மிகுதியாக இருப்பதால், குடிநீர் வழங்கும் நேரத்தை அவர்களுக்கு வசதியான வேறொரு நேரத்திற்கு மாற்றித் தருமாறு மன்றத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதி வாசித்தேன். நன்றாக இருப்பதாக எல்லோரும் தலையாட்டினார்கள்.

கவுன்சிலர் தங்கச்சி அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னது.

“மணியையும் எழுதிருங்கண்ணே. சாயங்காலம் ஆறரைன்னு.”

எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலில் எனக்கே பாடமா?

“அதிகாரிக்கு நம்ம மணி சொல்லக் கூடாதும்மா. மனுவுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. அவங்களா பாத்துச் செய்வாங்க.”

அந்தம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர், “அண்ணனுக்குத் தெரியாததா?” என்றார். அதோடு அந்தம்மா பேச்சை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டது. அந்த அறையில் இருந்த ஆறேழு பேரில் விஷயம் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான். வாயை அடைத்தவன் நான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் எங்கள் பரிந்துரை ஒரு பொருளாக வந்தது. எண்ணை வாசித்தார்கள், ஆல் பாஸ் ஆனது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அன்று அந்த ஆல் பாஸ் எனக்கு இனித்தது. வீட்டுக்குப் போகிற வழியில் எதிர்வீட்டில் நின்று, “பாஸாயிருச்சுத்தா” என்றேன். அந்தப் பெண் உள்ளே ஓடிப்போய் ஒரு டம்ளர் ஏலக்காய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது. குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து நேரம் மாறியது. மத்தியானம் இரண்டு மணி.

முதல் நாள் யாருக்கும் தெரியவில்லை. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. தாய்மார் மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஒரு மணி நேரம் தண்ணீர் வந்து, சாக்கடையில் ஓடி, நின்றுபோனது. சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் பெண்கள் தலைச்சுமையை இறக்கக்கூட இல்லை, நேராக என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். “யாரக் கேட்டு ரெண்டு மணின்னு சொன்னீக?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் மணியே சொல்லவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? எதிர்வீட்டுப் பெண் மட்டும் பின்னால் நின்றது.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். குடிநீர்ப் பிரிவு எழுத்தர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். ஃபைலை எடுத்து என் எழுத்தையே எனக்குக் காட்டினார்.

“நீங்கதான எழுதிருக்கீங்க? வேறொரு நேரம்னு. வால்வு தொறக்குறவருக்கு ரெண்டு மணிதான் ஒழிவு. குடுத்தாச்சு. தீர்மானம் நிறைவேற்றப்பட்டதுன்னு முடிச்சாச்சு.”

“பெண்களுக்கு வசதியான நேரம்னு இருக்கே சார்.”

“எது வசதின்னு இதுல எங்க இருக்கு? எங்களுக்கு எப்படித் தெரியும்?”

திரும்பப் பழைய நேரத்துக்கே மாற்றித் தாருங்கள் என்றேன். எட்டு மணியைப் பக்கத்து வார்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம். எடுத்தால் மறியல் செய்வார்கள். சாயங்காலம் ஆறரை என்றால் வால்வுக்காரருக்குக் கூடுதல் நேர உத்தரவு வேண்டும், அதற்கு மறுபடி வார்டுக் குழு, மறுபடி மன்றம், மேலே ஒப்புதல். “ஒரு தடவ கேட்டதச் செஞ்சு குடுத்துட்டோம். இப்ப இது வேணாம்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஃபைலத் தூக்குறது, நீங்களே சொல்லுங்க” என்றார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் என்னை அதிகம் வதைத்தது. யாராவது ஒருவன் அயோக்கியனாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

அன்றே இரண்டாவது மனு எழுதினேன். இந்த முறை ஆறரை மணி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஐயா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த கூட்டத்துல வச்சிருவோம்ணே” என்றார். அடுத்த கூட்டம் போதுமான கவுன்சிலர்கள் வராமல், கோரம் இல்லை என்று நின்றது. அதற்கடுத்ததில் பக்கத்து வார்டுக் கவுன்சிலர் தண்ணீர் பற்றிப் பேசவே கூடாது என்று மேஜையைத் தட்ட, பொருளை ஒத்திவைத்தார்கள். இன்றுவரை ஒத்திவைத்தபடியே இருக்கிறது. ராஜினாமா செய்கிறேன் என்றேன். நியமனம் மன்றத்தில் ஆனதால் ராஜினாமாவையும் மன்றத்தில்தான் வைக்க வேண்டுமாம்.

இதற்குள் எதிர்வீட்டில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. மற்ற வீடுகளில் மாமியாரோ மருமகளோ யாராவது ஒருவர் இருந்தார்கள், எப்படியோ சமாளித்தார்கள். இங்கே ஆள் இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லத் தாய்க்கு மனம் வரவில்லை. தானே நின்றது. ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு அடுத்த நாள் விடியுமுன் ஜீப் எங்கள் தெருமுனையில் நிற்காமல் போனது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்குவாளியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அது உள்ளே போய்விட்டது.

மேஸ்திரியைத் தேடிப் போடியில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். “சார், நான் என்ன செய்ய? எடத்துக்கு ஆள் போட்டாச்சு” என்றார். மனு எழுதிக் கொடுக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள அங்கே ஓர் அதிகாரிகூட இல்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவி எங்கள் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தாள். இரண்டு மணிக்கு நான் போடியில் மேஜை முன்னால் இருப்பேன். என் வீட்டிலும் தண்ணீர் இல்லை. கேன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் பஸ் இறங்கி வந்தால், காலையில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன என் நாலு குடமும் வாசலில் நிறைந்திருந்தன. மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து சுண்டைக்காயைத் தட்டிக்கொண்டிருந்தது.

“எதுக்குத்தா இதெல்லாம்?” என்றேன்.

“நான் வீட்லதானண்ணே கெடக்கேன். தண்ணி வர்ற அன்னைக்குக் கொடத்த வெளிய வச்சிட்டுப் போங்க, பிடிச்சு வைக்கிறேன்.” பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னது: “மக இப்ப நேரத்துக்குப் பள்ளிக்கொடம் போயிருதுண்ணே. அதுவரைக்கும் நல்லதுதான்.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு என்ன வாசகம் என்று தெரியவில்லை. இருபது வருஷமாகப் பிறருக்காக எத்தனையோ விதமாகப் பணிந்து எழுதியவன், குடங்களை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தேன்.

நாலாம் நாள் காலையில், போடி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போது, நாலு குடத்தையும் வெளியே வைத்துவிட்டுப் போனேன்.