வெல்வெட்டுக்கு ஒரு சீட்

போன சனிக்கிழமை வந்த கோபம் இதை எழுதும்போதும் இறங்கவில்லை. காரணம் — மெரூன் நிற வெல்வெட்.

லண்டன் நோர்பரியில் இருக்கும் என் நண்பர் பாஸ்கரன் ரயில்வேயில் சிக்னல் என்ஜினியர். ஓய்வு நேரத்தில் சொந்தமாக விமானம் கட்டுகிறார். பொம்மை இல்லை... இரண்டு பேர் உட்கார்ந்து உண்மையாகவே பறக்கும் சின்ன விமானம். பாகங்களாக வாங்கி, வீட்டுக் கராஜில் பொருத்தி, இப்போது லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய விமானத் தளத்தின் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்.

கூடவே உழைத்தவர் அவர் மனைவி சுகந்தி. தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளில் பாதி அவர் கையால் அடித்தவை. திகதி குறிக்கும் என் வியாதி வாசகர்களுக்குத் தெரியும். முதல் ரிவெட் அடித்த நாளை அவர்களே மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை. வலப்பக்க சீட் தனக்கு என்று சுகந்தி அன்றே சொல்லிவிட்டார்.

கடைசியாக எஞ்சியிருந்தவை உட்புறப் பனல்கள். உள்ளே தெரியும் தகட்டையும் வயர்களையும் மறைக்கும் மூடிகள். காட்போர்டில் அளவு வெட்டிப் பார்த்து, அதே காட்போர்ட் அளவுத் தடிப்புள்ள லேசான ஷீட்டில் அவற்றைப் பாஸ்கரன் செய்து வைத்திருந்தார்.

அப்போதுதான் சுகந்தியின் அண்ணன் ரவி வந்தார். அவரும் லண்டன்தான், கோலியர்ஸ் வுட்காரர். கல்யாண மண்டபங்களில் மணவறை அலங்கரிப்பது தொழில். கெட்டிக்காரர், நல்ல மனிதர், கேட்காமலே உதவி செய்பவர். இந்த மூன்றாவது குணம்தான் என் பிரச்சினை.

உள்ளே எட்டிப் பார்த்தவர், மீன் டின்னுக்குள் இருப்பது மாதிரி இருக்கிறதே என்றார். பனல்களைத் தான் கொண்டுபோய்த் துணி ஒட்டித் தருவதாகச் சொன்னார். பாஸ்கரன் வேண்டாம் என்று சொன்னாரா? மனைவியின் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினார்.

திரும்பி வந்த பனல்களை அடையாளம் தெரியவில்லை. பின்னால் பிளைவுட். அதன்மேல் ஸ்பொஞ்ச். அதன்மேல் மெரூன் வெல்வெட், ஓரமெல்லாம் தங்க நிறக் கரை. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும் — ஒரு ஸ்குரூ ஓட்டை கூடப் பிசகவில்லை. மண்டபக்காரர்கள் கேட்பதால் தீப்பிடிக்காத துணி. அதற்குச் சான்றிதழும் வைத்திருந்தார். தானே நின்று விமானத்துக்குள் பூட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் வர வேண்டியதுதான் பாக்கி!

சனிக்கிழமை எடை பார்க்கும் நாள். மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசுகள். பறக்க அனுமதி தரும் இன்ஸ்பெக்டர் ஓர் அமைதியான ஆங்கிலேயர். கணக்குப் போட்டார், திரும்பவும் போட்டார். பாஸ்கரன் ஏற்கனவே எடை எல்லையை ஒட்டித்தான் கட்டியிருந்தார். இந்தப் பனல்களோடு இரண்டு பேர் ஏறினால், மைதானத்தைச் சுற்றி வரும் அளவுக்குத்தான் பெட்ரோல் ஊற்ற முடியுமாம். தனியாகப் பறப்பதென்றால் தடையில்லை.

ரவிக்கு இது விளங்கவே இல்லை. எல்லாப் பனலும் சேர்ந்து ஒரு அரிசி மூட்டை எடை கூட வராதே என்றார். தங்கச்சி இரவில் சோற்றைக் குறைத்தால் சரிவரும் என்று சிரிக்கவும் செய்தார். அத்திலாந்திக்கைத் தனியாகத் தாண்டிய ஒரு விமானி, பாரம் குறைக்க வரைபடத்தின் ஓரங்களைக் கூட வெட்டி எறிந்தார் என்று படித்திருக்கிறேன். சொன்னேன். அவர் வரைபடத்தில் தங்கக் கரை இருந்திருக்காது என்றார் ரவி.

எனக்கு உண்மையில் பற்றி எரிந்தது அதற்குப் பிறகுதான். பாஸ்கரன் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணை ஆசையாச் செய்தது. கழட்டினால் மனம் நோகும். முதல்ல நான் தனியப் பறக்கிறன். சுகந்தி பிறகு வரட்டும்."

பிறகு? எப்போது? வெல்வெட் மெலிந்த பிறகா?

நம் ஆட்களின் கணக்கைக் கவனியுங்கள். அண்ணனுக்கு மனம் நோகக் கூடாது. கணவருக்கு அவரோடு முகம் முறியக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து இறங்க வேண்டியவர், பாதி விமானத்தைக் கட்டியவர். வீட்டுக்கு வீடு இதுதானே நடக்கிறது? ஒருவர் அன்பாக எதையோ கொண்டுவருவார். அதற்கு இடம் விட இன்னொருவர் எழும்ப வேண்டும்!

சுகந்தி மேசையில் கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

"அண்ணை, இந்த மெத்தை தனக்குப் பறக்கோணும் எண்டு எப்பவாவது கேட்டதோ? நான் கேட்டனான்."

முதல் ஸ்குரூ கழன்றது. பாஸ்கரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்கள் பேசாமல் அந்தப் பக்கத்தைக் கழட்டுங்கோ" என்றார் சுகந்தி.

கழற்றினார். ரவி வெளியே போய்ப் புல்வெளியைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்து பனலின் அடியைத் தாங்கிப் பிடித்தார். "மெல்ல... துணி கிழிஞ்சிடும்" என்றார்.

மறுபடி எடை பார்த்தார்கள். இரண்டு பேர், தேவையான பெட்ரோல் — எல்லாம் எல்லைக்குள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடும்வரை சுகந்தி வலப்பக்க சீட்டை விட்டு இறங்கவில்லை. பெல்ட்டும் போட்டிருந்தார்.

பாஸ்கரன் முதலில் செய்த ஷீட் பிளைவுட்டோடு ஒட்டிப்போய் உரியவில்லை. ஆகவே உள்ளே இப்போது வெறும் தகடும் வயர்களும்தான். மறுநாள் பார்க்க வந்த உறவினர் ஒருவர், இன்னும் வேலை முடியவில்லையோ என்று இரக்கத்தோடு கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுது" என்றார் சுகந்தி.

இனி அந்தக் கொட்டகைப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் — தயவுசெய்து வெறுங்கையோடு போங்கள்.