மூச்சு விடாத இரண்டு அண்ணைமார்

இல்லாத ஆட்களைப் பாடவைப்பது என் தொழில்; இருக்கிற ஆட்களைப் போலக் கதைத்துக் காட்டுவது என் வியாதி.

கணினியில் குரல் அடுக்குகிற சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஆ, ஊ, லா, மா என்று ஒவ்வொரு சுரத்திலும் பாடிக் கொடுத்திருக்கிறார். அதை ஆயிரம் துண்டாக நறுக்கி மென்பொருளுக்குள் அடைத்திருக்கிறார்கள். உடுப்பிட்டியில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற நான், கீபோட்டில் ஒரு கட்டையை அமர்த்தினால் அவர் பாடுவார். நாலு கட்டையை அமர்த்தினால் நாலு பேராகப் பாடுவார். சாப்பாடு கேட்கமாட்டார்.

இதில் நன்றாகச் சிரிக்க ஒரு இடம் உண்டு. சத்தியமாக. ஆனால் இப்போது இல்லை. அதற்கு முதல் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

ஆம்பிளையள் தேவை

கிறேஸ் அன்ரி எங்கள் ஒழுங்கை முடிவிலுள்ள தேவாலயத்தின் பாடகர் குழுத் தலைவி. குழுவில் மிஞ்சியிருப்பது எட்டுப் பெண்கள். பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடிய மாமா கனடாவிலுள்ள மகளிடம் போய்விட்டார். ரெனர் என்கிற மேல் ஆண்குரல் பாடிய அண்ணைக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. ஆண்குரலே இல்லாமல் நத்தார் கீத ஆராதனை எடுபடாது, இந்த முறை பதிவுசெய்த பாட்டுகளை ஒலிபெருக்கியில் போடுவோம், குழு கீழே வாங்கில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று போதகர் சொல்லிவிட்டாராம்.

அன்ரி என் அறைக்கு வந்து, இருந்த ஒரேயொரு கதிரையில் இருந்தார். "நிரோஜன், உனக்குத்தானே பாட்டுக்காரரைத் தெரியும். நல்லாப் பாடுற ஆம்பிளையள் ரெண்டு பேர் இருந்தாச் சொல்லன்" என்றார். ஆட்கள் இல்லை, லப்டொப்பில் குரல் செய்து தாறன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என் சொல் கேட்பதில்லை.

"இருக்கினம் அன்ரி. சீலன் அண்ணை, அருமை அண்ணை. ரெண்டு பேருக்கும் காங்கேசன்துறையிலை, துறைமுகத்திலை வேலை. பாடிப் பதிஞ்சு அனுப்புவினம்."

அன்ரி கண்ணை மூடிச் சின்னதாய் ஒரு செபம் செய்தார். நான் சிரிப்பை அடக்க யன்னலைப் பார்த்தேன். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"பெடியள் முட்டை போட்ட கேக் சாப்பிடுவினமோ?"

சீலன் அண்ணையின் நெஞ்சு

முதல் பாட்டை இரண்டே நாளில் செய்து அனுப்பினேன். ரெனருக்குச் சீலன் அண்ணை, பேஸுக்கு அருமை அண்ணை. நம்மில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழையை நானும் செய்தேன். மென்பொருள்காரர் தொண்டையைத் தருவார்கள், நுரையீரலைத் தரமாட்டார்கள். மூச்சை நாமே தனியாகப் பதிந்து, வெட்டி, வரிக்கு வரி ஒட்ட வேண்டும். நான் ஒட்டவில்லை. சீலன் அண்ணை முதல் சரணம், பல்லவி, இரண்டாம் சரணம் மூன்றையும் ஒரே இழுவையில் பாடியிருந்தார்.

அன்ரி அதை மூன்று தரம் கேட்டார். கூடவே பாடிப் பார்த்து நடுவில் இருமினார். நான் பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்ரியோ முகமெல்லாம் வியப்பாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நெஞ்சடா இது! உவன் துறைமுகத்திலையோ வேலை, இல்லாட்டிச் சங்கு குளிக்கப் போறவனோ?"

அப்பாவின் வைத்தியம்

மூச்சை ஒட்டி முடித்தால் அருமை அண்ணைக்கு வேறு நோய். எட்டுத் தாள அடிக்கு நீளும் ஒரு "ஊ..." அவர் பாட வேண்டும். வெளிநாட்டுக்காரர் பாடிவைத்ததோ இரண்டு அடி. மிச்சத்துக்கு மென்பொருள் நடுத்துண்டையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். ஏதோ பிழை என்று தெரிந்தது, என்ன பிழை என்று தெரியவில்லை. மத்தியானம் முழுக்க அந்த ஒரு ஊவைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். அயல்வீட்டு நாய் எழும்பிப் போய்விட்டது.

அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர். கொட்டிலில் நின்றவர் கையில் கிறீசோடு வந்து, வாசலில் நின்று, தலையைச் சரித்து ஊவைக் கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் சங்கீதம் படித்ததில்லை. ஆனால் துண்டும் துண்டும் பொருந்துகிற இடத்தில் ஒரு சின்ன "டுக்" இருந்ததை அவர் சொன்ன பிறகுதான் நான் கண்டுபிடித்தேன்.

"ஆற்றை படகு எஞ்சினடா உது? ஒரு பிளக் அடிக்கேல்லை, கழட்டித் துடை."

இரண்டு சேட்டு

குழு அண்ணைமாரின் பதிவோடு பாடிப் பழகத் தொடங்கியது. சிரிக்கலாமென்று தேவாலய யன்னலடியில் போய் நின்றேன். சிரிப்பு வரவில்லை. கீழே இரண்டு ஆண்குரல் தாங்கிக்கொண்டதும் அந்த எட்டுக் குரலும் பயம் தெளிந்து மேலே போயின. எப்போதும் உதட்டை மட்டும் அசைக்கிற ஓர் அக்கா அன்று வாயைத் திறந்து பாடினார்.

கிழமைக்கு ஒருமுறை பெயர் எழுதிய இரண்டு கேக் பொட்டலம் வந்தது. இரண்டையும் நானே சாப்பிட்டேன், மன்னியுங்கள். ஆராதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது அன்ரி அளவுநாடாவோடு வந்தார். அண்ணைமாருக்குக் கழுத்து எத்தனை அங்குலம்? சேட்டுத் தைக்க வெள்ளைத் துணி வாங்கிவிட்டார். அது மட்டுமில்லை, இரண்டு ஆம்பிளைகள் வந்து நிற்பார்கள், ஒலிபெருக்கி தேவையில்லை என்று போதகரிடம் சொல்லியும் விட்டார். வாயிலிருந்த கேக்கை அவசரமாக விழுங்கினேன். "அன்ரி, அவையள் வராமலும் விடலாம்..." என்று இழுத்தேன். அன்ரி அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"வராட்டி வராட்டும் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, தம்பி. அதுகள் எட்டும் வாங்கிலை இருந்து பெட்டி பாடுறதைக் கேக்கிறதை நான் எப்பிடிப் பாக்கிறது?"

ஒரு போனில் மூன்று பேர்

அடுத்த நாள் பின்னேரம் போன் அடித்தது. "நிரோஜன், பயிற்சியிலை நிக்கிறம். எல்லாரும் கேக்க ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். பெடியள் ரெண்டு பேரோடையும் நான் இண்டைக்குக் கதைக்கோணும்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் எட்டுப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது எந்த மிமிக்ரிக்காரன் மேடையை விடுவான்? "இஞ்சைதான் நிக்கினம் அன்ரி" என்றேன். சீலன் அண்ணைக்கு மூக்கால் வருகிற மெல்லிய குரல் கொடுத்தேன், அருமை அண்ணைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

"வணக்கம் அன்ரி, நான் சீலன்."

"வணக்கம். அருமை கதைக்கிறன்."

"ஆராதனை அண்டைக்கு எத்தினை மணிக்கு வருவியள், தம்பியவை?"

"நாலு மணிக்குக் கப்பல் அன்ரி. அது வெளிக்கிட்டாப்பிறகுதான் நாங்கள் வெளிக்கிடலாம்" என்றார் சீலன் அண்ணை.

"ஓம், அதுக்குப் பிறகுதான். பஸ்ஸிலை வருவம்" என்றார் அருமை அண்ணை.

"பஸ் சரிவராது, மோட்டச்சைக்கிளிலை வருவம்" என்றார் சீலன் அண்ணை.

"நான் சந்தியிலை வந்து நிக்கிறன்" என்றேன் நான், என் குரலில்.

ஒரு சொல் பிசகவில்லை. ஒரு குரல் இன்னொன்றோடு கலக்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பக்கம் அன்ரி நிதானமாகத் தொடங்கினார்.

"நிரோஜன்."

"என்ன அன்ரி?"

"மூண்டு பேர் கதைக்கிறியள். ஒருத்தன் சொல்லி முடிக்குமட்டும் மற்ற ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள். பஸ்ஸோ சைக்கிளோ எண்டு வந்த இடத்திலைகூட ஒருத்தனும் குறுக்கை விழேல்லை. எங்கடை ஊரிலை இப்பிடி மூண்டு ஆம்பிளையளை நீ எங்கையடா கண்டனீ?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எட்டுப் பேரும் எட்டுச் சுருதியில் சிரித்தார்கள். அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு அவர் குரல் திரும்ப வந்தது.

"அருமை உன்ரை லப்டொப் பெட்டிக்குள்ளையே இருந்து பாடட்டும், அவன் பாவம். ஆனா போதகரிட்டைக் காட்ட எனக்கு உயிரோடை ஒரு ஆம்பிளையாவது வேணும். இப்பவே வெளிக்கிட்டு வந்து ரெனர் இடத்திலை நில்லு. வேறை ஆற்றையும் குரலிலை வந்தியெண்டா வாசலோடையே திருப்பி அனுப்புவன்."

ஆகவே சக பாவிகளே, செய்கிற குரலுக்கு மூச்சை ஒட்டினால் மட்டும் போதாது, அடுத்தவனைக் கதைத்து முடிக்க விடாத கொஞ்ச மரியாதைக்கேட்டையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள்.